புகைத்தலின் தீமையும் அதனை உரைக்கும் முறையும்

விழா மலரொன்றிலே புற்றுநோயைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமோ என்று சிலர் வினவக்கூடும். மங்கல நாளில் மங்கலமானவற்றையே பேசுதல் மரபு. ஆயினும், கல்லூரியொன்றின் யூபிலி விழா என்பது பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் என்னும் முத்திறத்தாரும் ஒரே முற்றத்திற் கூடும் நாளாகும். பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுகையில், இப்பெயருக்குரியவர் இன்று நம்மிடை இல்லையே என்று மனம் கனக்கும் நாளும் அதுவே. ஐம்பதிலும் அறுபதிலும் மறைந்த சிலரைக் குறித்து, அவருக்கு வந்த நோய் யாதென வினவினால், 'நெஞ்சு வருத்தம்' என மெல்லிய குரலில் விடை வரும். அதற்கப்பால் ஒருவரும் கேளார், ஒருவரும் சொல்லார். கேளாமலும் சொல்லாமலும் விடப்படும் அப்பொருளையே யாம் இங்கு எடுத்துக்கொண்டோம்.

யாம் வைத்தியர் அல்லேம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். ஆதலின், மருத்துவ அறிஞர் நிறுவியவற்றைச் சுருங்கக் கூறி, அவ்வுண்மை மக்களுக்கு எவ்வாறு உரைக்கப்பட்டது, எவ்வாறு மறைக்கப்பட்டது, இனி எவ்வாறு உரைக்கப்படல் வேண்டும் என்னும் மூன்றினையும் மொழியாசிரியர் ஒருவரின் நோக்கில் ஆராய்வதே எமது கருத்தாகும். நோயைத் தீர்ப்பது வைத்தியர் பணி. சொல்லைத் திருத்துவது எம் பணி. சொல் திருந்தாமையால் உயிர் நீங்கிய வரலாறும் உண்டென்பதை இக்கட்டுரை காட்டும்.

1. நோயும் அதன் முதலும்

புகையிலை எரியும்போது எழும் புகையில் 7,000 இற்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய 70 பொருள்கள் புற்றுநோயை விளைக்க வல்லன. நிக்கொட்டீன் என்பது சில விநாடிகளுள் மூளையை அடைந்து மனிதனை அப்பழக்கத்துக்கு அடிமையாக்குவது. காபனோரொட்சைட்டு என்னும் வாயு குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்வது. தார் எனப்படும் பிசின் சுவாசப்பையிற் படிவது.

நாம் உள்வாங்கும் காற்றுச் செல்லும் குழாய்களின் உட்புறத்தே பிசிர்கள் எனப்படும் மயிர் போன்ற நுண்ணுறுப்புகள் உள. முற்றத்தைப் பெருக்கும் விளக்குமாறு போல அவை தூசியையும் சளியையும் ஓயாது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். புகை முதலில் முடக்குவது இவற்றையே. காவலன் வீழ்ந்தபின் வீடு திறந்து கிடத்தல் போல, சுவாசப்பை அதன்பின் காப்பற்றதாகின்றது. புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உடலின் கலங்களுட் புகுந்து, அவற்றின் பரம்பரையலகுகளைப் பழுதாக்குகின்றன. கலங்கள் கட்டின்றிப் பெருகாதவாறு காக்கும் பரம்பரையலகு ஒன்றுண்டு. அதற்குப் பீ-53 என்று பெயர். சுவாசப்பைப் புற்றுநோயாளரிடத்து அவ்வலகின் எவ்விடங்களிற் பழுது மிகுந்து காணப்படுகின்றதோ, அவ்விடங்களிலேயே பென்சோபைரீனிலிருந்து பிறக்கும் பொருள் சென்று ஒட்டுகின்றது என்பது 1996 ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது.

இந்நோயின் கொடுமை அதன் பொறுமையிலே உளது. பதினெட்டு வயதிற் பழகியவனை அது இருபத்தைந்தில் அணுகாது; நாற்பத்தைந்திலோ ஐம்பத்தைந்திலோ அணுகும். விதைத்தவன் விதைத்ததை மறந்த பின்னரே விளைவு வருதலால், விதைக்கும் விளைவுக்குமுள்ள தொடர்பு சாதாரண கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனைப் புலப்படுத்துதற்கே பெரியதோர் ஆராய்ச்சி வேண்டியதாயிற்று.

2. உண்மை தெளிந்த வரலாறு

சுவாசப்பைப் புற்றுநோய் முன்னாளில் மிக அரிதாயிருந்தது. 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஐசாக் அட்லர் இந்நோய் குறித்து ஒரு நூல் எழுதியபோது, இத்துணை அரிய நோய்க்குத் தனி நூல் வேண்டுமோ என்று தாமே வினவும் நிலையில் இருந்தார். 1880 களிற் சிகரெற் சுற்றும் இயந்திரம் வழக்குக்கு வந்தது. முதலாம் உலகப் போரிற் படைவீரர்க்குச் சிகரெற் தாராளமாய் வழங்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1922 ஆம் ஆண்டிற் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தோராகப் பதியப்பட்டவர் 612 பேர். 1947 ஆம் ஆண்டில் அத்தொகை 9,287 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளிற் பதினைந்து மடங்கு!

காரணம் யாதென ஆராயும் பொறுப்பு ஒஸ்டின் பிராட்போட் ஹில் என்னும் புள்ளிவிபர அறிஞருக்கும் றிச்சட் டொல் என்னும் இளம் வைத்தியருக்கும் வந்தது. தெருக்களுக்குத் தார் இடுவதே காரணமாகலாம் என்பது தொடக்கத்தில் டொல்லின் எண்ணம். மோட்டார் வண்டிகளின் புகையென்றும் சிலர் கருதினர். அவ்விருவரும் முன்முடிவு செய்யாது, இலண்டனைச் சேர்ந்த 20 வைத்தியசாலைகளில் நோயாளரை வினவுவித்தனர். சுவாசப்பைப் புற்றுநோயாளர் 709 பேர்; அவ்வொவ்வொருவருக்கும் இணையாக அதே பாலும் ஒத்த வயதும் உடைய பிற நோயாளர் 709 பேர். 1950 செப்டெம்பர் 30 ஆம் நாள் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் ஒருபோதும் புகைக்காதவர் இருவர் மாத்திரமே; மற்றைய 649 ஆடவருள் 27 பேர். நாளொன்றுக்கு 25 சிகரெற்றும் அதற்கு மேலும் புகைப்போர் புற்றுநோயாளருள் நூற்றுக்கு 26 பேர். மற்றையோருள் அதிற் பாதியளவினர்.

மாணவர் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் நன்று. வினவியவர்கள், 'இவருக்கு இந்நோய்' என்று முன்னரே அறிந்தமையால், தம்மை அறியாமலே விடைகளை மிகுத்து எழுதியிருக்கலாமன்றோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடைக்கும் விடை இருந்தது. புற்றுநோயென முதலிற் கருதப்பட்டு, பின்னர் அஃதன்று எனத் தெளியப்பட்ட நோயாளர் சிலர் இருந்தனர். அவர்களை வினவியவர்கள் புற்றுநோயாளரென்றே எண்ணி வினவினர். ஆயினும், அவர்களுடைய புகைத்தற் பழக்கம் புற்றுநோயில்லாதாரின் பழக்கத்தையே ஒத்திருந்தது. தன் தடையைத் தானே எழுப்பித் தானே விடுக்கும் இம்முறை, நம் உரையாசிரியர்கள் கையாண்ட முறையே யாகும்.

டொல் தாமும் புகைப்பவராயிருந்தவர். ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அப்பழக்கத்தைக் கைவிட்டார். பின்னர் 1951 ஆம் ஆண்டில் இருவரும் பிரித்தானிய வைத்தியர்களுக்கு வினாக்கடிதம் விடுத்தனர். 40,000 இற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அவருள் ஆடவர் 34,439 பேரின் வாழ்வும் இறப்பும் அரை நூற்றாண்டு தொடர்ந்து குறிக்கப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: விடாது புகைப்போர், புகையாதாரினும் சராசரி பத்தாண்டு முன்னதாக இறக்கின்றனர், அவருள் ஏறக்குறைய இருவரில் ஒருவர் அப்பழக்கத்தாலேயே இறக்கின்றனர்.

'எங்கள் அப்பு தொண்ணூறு வயது மட்டும் சுருட்டுப் பத்தினார். அவருக்கு என்ன வந்தது?' என்று கேட்போர் ஊர்தோறும் உளர். அவ்வப்பு இருந்தது உண்மை. புகைக்கும் எல்லார்க்கும் இந்நோய் வருவதில்லை. புகையாதார் சிலர்க்கும் வருவதுண்டு. ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு புகையிரதப் பாதையைக் கடந்தவருள் ஒருவர் உயிருடன் அப்பாற் சென்றார் என்பதனால் அது நல்வழி ஆகுமா? தப்பியவர் திண்ணையிலிருந்து கதை சொல்லுவார். தப்பாதவர் சொல்ல வாரார். எனவே நாம் கேட்கும் கதைகளெல்லாம் தப்பியவர் கதைகளே என்பதை உணர்தல் வேண்டும்.

3. ஐயத்தை விற்றோர்

1950 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலும் ஏணெஸ்ட் வைண்டர் என்னும் மாணவரும், எவாட்ஸ் கிரகாம் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் 684 நோயாளரை ஆராய்ந்து இதே முடிவினை வெளியிட்டனர். கிரகாம் முதலில் இதனை நம்பாதவர். தாமும் மிகுதியாகப் புகைத்தவர். 1933 ஆம் ஆண்டிற் புற்றுநோயுற்ற ஒருவரின் சுவாசப்பையொன்றை முற்றாக அகற்றி அவரைப் பிழைக்கவைத்த முதல்வர் அவரே. தம் ஆராய்ச்சியே தம்மைத் தெளிவிக்கச் சிகரெற்றைக் கைவிட்டார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1957 ஆம் ஆண்டில் அவர் சுவாசப்பைப் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் 1933 இல் உயிர் கொடுத்த அந்நோயாளரோ, அவருக்குப் பின்னரும் வாழ்ந்திருந்தார்.

சிகரெற் தாரினை எலிகளின் முதுகிற் பூசியபோது அவற்றுட் பலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாயிற்று என்று 1953 ஆம் ஆண்டில் இவ்விருவரும் வேறொருவருடன் கூடி வெளியிட்டனர். செய்தி பத்திரிகைகளிற் பரவியது. புகையிலைக் கம்பனிகளின் தலைவர்கள் அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க் நகரிற் கூடி ஆலோசித்தனர். 1954 ஜனவரி 4 ஆம் நாள் 400 இற்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கையொன்று வெளிவந்தது.

அவ்வறிக்கையின் சொற்றிறனை மொழி மாணவர் ஊன்றி நோக்கல் வேண்டும். 'சிகரெற் தீங்கற்றது' என்று அது ஓரிடத்திலும் அறுதியிட்டு நிறுவவில்லை. தீங்கென்பது நிறுவப்படவில்லை என்றே கூறியது. ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை என்றது. பல காரணங்கள் இருத்தல் கூடும் என்றது. மக்கள் நலமே தம் முதற் பொறுப்பென்றது. மேலும் ஆராயப் பொருளுதவி செய்வோம் என்று உறுதி கூறியது. பொய்யை நாட்டுதல் அரிது. மெய்யின்மேல் ஐயத்தை எழுப்புதல் எளிது. புகைப்பவனுக்கு வேண்டியதும் அவ்வையமே. 'இன்னும் முடிவாகவில்லையாம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், மற்றுமொன்றைப் பற்றவைத்துக்கொள்ள அவனுக்கு அது போதும். 1969 ஆம் ஆண்டில் எழுதப்பட்டுப் பிற்காலத்தில் வெளிப்பட்ட கம்பனிக் குறிப்பொன்று, தாம் ஆக்கும் சரக்கு ஐயமே என்னும் கருத்தை ஒளிவின்றிக் கூறுகின்றது.

2006 ஆகஸ்டில் வாஷிங்டன் நகர நீதிமன்றத்தில் கிளாடிஸ் கெஸ்லர் என்னும் நீதிபதி, இக்கம்பனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். உண்மையைத் தாமே விளம்பரஞ் செய்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டார். மேன்முறையீடுகளின் பின் அவ்விளம்பரங்கள் 2017 நவெம்பரிலேதான் வெளிவரத் தொடங்கின. 1954 இற்கும் 2017 இற்கும் இடையே அறுபத்துமூன்று ஆண்டுகள். ஒரு மனிதனின் ஆயுள்.

4. 'கூடும்' என்னும் சொல்

இனி அரசாங்கம் உரைத்தது எவ்வாறெனக் காண்போம். 1962 மார்ச்சில் இலண்டன் றோயல் வைத்தியர் கல்லூரியும், 1964 ஜனவரி 11 ஆம் நாள் அமெரிக்க அரசின் தலைமை வைத்தியரான லூதர் டெறி அமைத்த குழுவும் அறிக்கைகளை வெளியிட்டன. ஆடவர்க்கு வரும் சுவாசப்பைப் புற்றுநோய்க்குச் சிகரெற் புகைத்தல் காரணமாகும் என்று அமெரிக்க அறிக்கை ஐயந்திரிபறக் கூறியது. அவ்வறிக்கை வெளியான நாள் சனிக்கிழமை. பங்குச் சந்தை கலங்காதிருக்கவும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் அனைத்திலும் செய்தி இடம்பெறவும் அந்நாள் தெரிந்தெடுக்கப்பட்டது. எதனைச் சொல்வது என்பதோடு எப்போது சொல்வது என்பதையும் அவர்கள் எண்ணினர்.

ஆயினும், 1966 ஆம் ஆண்டிற் சிகரெற் பெட்டியில் ஏறிய எச்சரிக்கை யாது? சிகரெற் புகைத்தல் உங்கள் நலத்துக்குத் தீங்காதல் கூடும் என்பதே. அறிக்கையில் 'ஆகும்' என நின்றது, பெட்டியிற் 'கூடும்' என மெலிந்தது. நோயின் பெயரும் இல்லை. மழை பெய்யக்கூடும் என்று கேட்டவன் எல்லாம் குடை எடுப்பதில்லை.

1970 ஆம் ஆண்டில் அது மாற்றப்பட்டது. சிகரெற் புகைத்தல் நலத்துக்கு ஆபத்தானது எனத் தலைமை வைத்தியர் துணிந்துள்ளார் என்று எழுதப்பட்டது. 'கூடும்' போயிற்று, துணிபு வந்தது, துணிந்தவர் யார் என்பதும் வந்தது. ஆயினும் நோய் இன்னும் பெயரின்றியே நின்றது. 1984 ஆம் ஆண்டிற் சட்டமாகி 1985 இல் நடைமுறைக்கு வந்த எச்சரிக்கைகளிலேதான், புகைத்தல் சுவாசப்பைப் புற்றுநோயையும் இருதய நோயையும் விளைக்கும் என வெளிப்படையாக எழுதப்பட்டது. எழுவாய் புகைத்தல், செயப்படுபொருள் புற்றுநோய், பயனிலை விளைக்கும் என்பது. இம்மூன்று உறுப்பும் நிறைந்த ஒரு வாக்கியம் பெட்டியில் ஏறுதற்கு, அறிக்கை வெளிவந்த நாளிலிருந்து இருபத்தொரு ஆண்டுகள் சென்றன. ஐயத்துக்கும் தேற்றத்துக்குமுள்ள வேறுபாடு இலக்கண வகுப்போடு முடிவதென்று எண்ணும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

சொல் மாத்திரம் இப்பழக்கத்தைக் குறைத்தது என்று யாம் கூறவில்லை. விளம்பரத் தடையும், வரியும், பொது இடங்களிற் புகைத்தற்குத் தடையும் உடன் நின்றன. 1965 அளவில் அமெரிக்காவில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 42 பேரளவிற் புகைத்தனர். 2022 இல் அது 12 பேரளவுக்குக் குறைந்துவிட்டது. தெளிந்த சொல்லும் உறுதியான சட்டமும் கூடினால் ஒரு நாட்டின் பழக்கமே மாறும் என்பதற்கு இது சான்றாகும்.

5. நம் நாடும் நம் ஊரும்

இலங்கை இத்துறையிற் பின்தங்கியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003 ஆம் ஆண்டிலேயே நம் நாடு ஏற்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு விற்பதையும் தடுத்தது. 2015 ஆம் ஆண்டிலிருந்து சிகரெற் பெட்டியின் பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கைப் பட எச்சரிக்கைகள் கொண்டுள்ளன. எழுத்தறியாதாரும் காணத்தக்க எச்சரிக்கை அது. ஆயினும், பெட்டியாக வாங்காது ஒன்றும் இரண்டுமாக வாங்குவோரைக் கடைவாயிலிற் பலகாற் கண்டிருக்கின்றோம். அவர்கள் கண்ணிற் படம் படுவதில்லை. கையிற் சிகரெற் மாத்திரமே வருகின்றது.

குடாநாட்டார்க்கு இப்பொருளில் வேறொரு சிக்கலும் உண்டு. நம் செம்மண்ணிலே கிணற்று நீர் இறைத்து, எருவிட்டு, முறித்து, பாடம் போட்டு ஆக்கிய புகையிலை முன்னாளில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. நம்மவர் சுற்றிய சுருட்டுத் தென்னிலங்கைக்குச் சென்றது. அப்பொருளைக் கொண்டு எத்தனையோ தந்தையர் தம் மைந்தரைக் கல்லூரிக்கு அனுப்பினர். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் சிலரின் கல்விச் செலவும் அவ்வழி வந்ததே. அத்தோட்டக்காரனை இகழ்ந்து ஒரு சொல்லும் யாம் சொல்லோம். தீமை அறியப்படாத காலத்தில் அவன் செய்தது உழைப்பே. ஆனால், அறிந்த பின் அறியாதார் போல் ஒழுகுதல் நமக்குப் பொருந்தாது. சுருட்டுப் புகையும், வெற்றிலையுடன் கூட்டிய புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கு வழியாவன. இலங்கை ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கின்றது என்பதை நினைத்தல் வேண்டும்.

நம் பேச்சு வழக்கிற் புகைத்தலைப் 'பத்துதல்' என்பர். பற்றுதல் என்பதன் மரூஉ அது. பற்றுதல் என்பதற்குத் தீப்பிடித்தல் என்பதும் பொருள். விடாது பிடித்துக்கொள்ளுதல் என்பதும் பொருள். முதலில் நாம் அதனைப் பற்றுகின்றோம். பின்னர் அது நம்மைப் பற்றுகின்றது.

6. உரைப்போன் யார்?

1954 பெப்ரவரி 12 ஆம் நாள் பிரித்தானியச் சுகாதார மந்திரி இயன் மக்லவுட், புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்பதை அரசு ஏற்கின்றது என அறிவித்தார். அதனைப் பத்திரிகையாளர்க்கு விளக்கிய கூட்டத்தில் அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெற் புகைத்துக்கொண்டேயிருந்தார். அறிக்கை ஒன்றைச் சொல்ல, அவர் விரல்கள் வேறொன்றைச் சொல்லின. மக்கள் எதனைக் கேட்டிருப்பர்?

அம்மந்திரியைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந்தர வகுப்பு மாணவர்க்குப் 'புகைத்தலின் தீமைகள்' என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதப் பணித்தோம். ஒரு மாணவன் மிகச் சிறப்பாக எழுதியிருந்தான். பிழையற்ற நடை, பொருந்திய உவமை, உணர்ச்சி மிக்க முடிவுரை. சிவப்பு மையால் 'மிக நன்று' என எழுதிக் கையொப்பமிட்டோம். அன்று மாலை சந்திக் கடையின் பக்கச் சுவரோரம், பல ஆண்டுப் பழக்கத்தின்படி, யாம் சிகரெற்றும் கையுமாக நின்றோம். அம்மாணவன் சைக்கிளில் வந்தான். ஆசிரியரைக் கண்டதும் மரியாதையாக இறங்கினான். 'வணக்கம் சேர்' என்றான். தலை குனிந்தவாறே சைக்கிளை உருட்டிச் சென்றான். எம் கை முதுகின் பின்னே மறைந்தது, புகை மறையவில்லை.

மறுவாரம் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அக்கட்டுரையை வகுப்பில் வாசிக்கும்படி அவனைப் பணித்தோம். அவன் எழுந்து நின்று, எம்மைப் பார்த்து, 'சேர், இது சோதனைக்குத்தானே?' என்றான். அவன் குரலிற் குறும்பு இல்லை. உண்மையாகவே கேட்டான். சோதனைக்கு எழுதும் உண்மையென்றும் வாழ்க்கைக்குரிய உண்மையென்றும் இரண்டு உண்டென யாமே அவனுக்குக் கற்பித்திருந்தோம்; அவன் எதற்குரியது இது என வினவினான். அவ்வளவே. அன்று எமக்கு விடை வரவில்லை. 'வாசி' என்று மாத்திரம் சொன்னோம்.

புகைத்தலை விட முயன்று இருமுறை தவறினோம். முதன்முறை பத்து நாள். இரண்டாம்முறை இரண்டு மாதம். ஒரு மரண வீட்டிலே நண்பர் ஒருவர் நீட்டியதை மறுக்க இயலாது மீண்டும் வீழ்ந்தோம். மூன்றாம் முறை, அரச வைத்தியசாலை வைத்தியர் ஒருவரை அணுகி உதவி கேட்டோம், வீட்டாருக்கும் சொன்னோம், வகுப்புக்கும் சொன்னோம். மறைத்துச் செய்த தவறினை மறைத்தே விடுதல் எமக்குக் கைகூடவில்லை. வெளிப்படச் சொன்ன பின்னரே கைகூடிற்று. இதனைப் பெருமையாகக் கூறுகின்றோம் அல்லேம். இப்பழக்கம் அடிமைப்படுத்தும் நோயென்பதையும், அதனை விடல் அரிதாயினும் இயலும் என்பதையும் காட்டவே கூறுகின்றோம்.

7. இனி உரைக்கும் முறை

எம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் 'புகைத்தல் உடலுக்குக் கேடு' என்னும் வாக்கியம் தவறாது வரும். இலக்கணப் பிழை அதில் இல்லை. ஆனால் அதனால் ஒருவரும் அசைவதில்லை. யாருக்குக் கேடு, எத்துணைக் கேடு, எப்போது, அதற்குச் செய்யத்தக்கது யாது என்னும் நான்கு வினாவுக்கும் அது விடை கூறுவதில்லை. நல்ல அறிவுரையில் இந்நான்கும் இருத்தல் வேண்டும். அதற்குரிய பொருளை டொல் முதலானோர் 2004 இல் நமக்குத் தந்துள்ளனர். முப்பது வயதில் விட்டவன் இழக்கவிருந்த பத்தாண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாக மீட்கின்றான். நாற்பதில் விட்டவன் ஒன்பதாண்டளவில் மீட்கின்றான். ஐம்பதில் விட்டவன் ஆறாண்டளவில். அறுபதில் விட்டவனும் மூன்றாண்டளவில் மீட்கின்றான். அச்சத்தை மாத்திரம் ஊட்டினால் மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். 'இன்று விட்டால் உனக்கு இத்தனை ஆண்டு' என்று கணக்குக் காட்டினால் நின்று கேட்பான்.

ஆகவே மூவர்க்கும் எம் வேண்டுகோள் இது. பழைய மாணவப் பெரியோரே, விழாப் பந்தலின் பின்புறத்தே கூடிப் பழங்கதை பேசும்போது இளைய மாணவர் உங்களையே பார்த்து நிற்பர். உங்கள் கையிற் சிகரெற் இருக்குமாயின், நீங்கள் வழங்கும் பரிசிற் கிண்ணத்தினும் அதுவே அவர்கள் நினைவில் நிற்கும். ஐம்பதும் அறுபதும் எய்திய பின் விடுதலில் பயனில்லை என்று எண்ணாதீர்கள். மேற்கூறிய கணக்கு உங்களுக்காகவே உள்ளது. ஆசிரிய நண்பர்களே, நாம் கரும்பலகையில் எழுதுவதைவிட, சந்தியில் நிற்கும் நிலையையே மாணவர் ஆழ்ந்து படிக்கின்றனர். மாணவச் செல்வங்களே, உங்கள் முன் வைக்கப்படும் எந்த அறிவிப்பையும் இலக்கணக் கண்ணோடு பாருங்கள். உரைப்பவர் யார், 'கூடும்' என்றாரா 'ஆகும்' என்றாரா, உரைப்பதனால் அவர்க்கு வரும் ஊதியம் யாது என்று கேளுங்கள். தொடங்காமை எளிது, தொடங்கியபின் விடுதல் அரிது.

அன்று வினவிய அம்மாணவன் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவன். இவ்விழாவுக்கு வருவான் என நம்புகின்றோம். அவனுக்கு நாம் அன்று கொடாத விடையை இன்று இம்மலர் வாயிலாகக் கொடுக்கின்றோம்: தம்பி, அது சோதனைக்கு அன்று.